தோற்ற பிறகு: எண்ணிக்கை இரவிலிருந்து 45-ஆம் நாள் வரை

ஊராட்சித் தேர்தலில் தோற்றவரைப் பார்க்க வருகிறவர்கள் இரண்டு பெயர்களைத் தவறாமல் சொல்வார்கள். 1962-ல் காஞ்சிபுரத்தில் அண்ணா தோற்றார், 1967-ல் விருதுநகரில் காமராசர் தோற்றார், நீ எதற்குக் கலங்குகிறாய் என்பார்கள். சொல்வது உண்மைதான். ஆனால் அவர்களுக்கு எதிராக வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் அவர்களுக்கு முகம் தெரியாதவர்கள். உங்களுக்கு எதிராக வாக்களித்தவர்கள் உங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். நாளைக் காலை அதே ரேஷன் கடை வரிசையில், அதே குழாயடியில் அவர்களோடு நிற்கப்போகிறீர்கள். வென்றவர் உங்கள் பங்காளியாகவே இருக்கலாம்.

அதனால் மனத்தைத் தேற்றிக்கொள்வது மட்டும் இங்கே போதாது. ஊரோடு உறவு முறியக் கூடாது. கடன் கழுத்தை நெரிக்கக் கூடாது. கூட வந்த பையன்கள் மேல் வழக்கு விழக் கூடாது. சட்டம் வைத்திருக்கும் கெடு எதுவும் தவறக் கூடாது. இதற்கெல்லாம் எதை எந்த வரிசையில் செய்வது என்பதைத்தான் இந்த அத்தியாயம் சொல்கிறது. தமிழ்நாட்டின் ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்களை மனத்தில் வைத்து எழுதியது. ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் பதவிகளுக்கு நின்றவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் மூன்று கெடுக்கள்

துக்கத்தில் நாள் போவது தெரியாது. அதனால் வீட்டில் விவரம் தெரிந்த ஒருவரிடம் இந்த மூன்றையும் காலண்டரில் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.

- முடிவை அறிவிக்கும் முன்: மறு எண்ணிக்கை கேட்பதற்கு.
- முடிவு அறிவித்த 30 நாளுக்குள்: தேர்தல் செலவுக் கணக்கு கொடுப்பதற்கு.
- முடிவு வெளியான 45 நாளுக்குள்: தேர்தல் மனு போடுவதாக இருந்தால் அதற்கு.

எண்ணும் மேசையில்

ஊரகத் தேர்தலில் வாக்கு எண்ணிக்கை நீண்டது. நான்கு பதவிக்குமான சீட்டுகள் ஒரே பெட்டியில் விழுந்திருக்கும். தலைவருக்கு இளஞ்சிவப்பு, வார்டு உறுப்பினருக்கு வெள்ளை அல்லது நீலம், ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். பெட்டியைக் கவிழ்த்து, நிறம் நிறமாகப் பிரித்து, கட்டுக் கட்டிய பிறகுதான் எண்ணவே தொடங்குவார்கள். 2020 ஜனவரி 2-ஆம் தேதி காலையில் தொடங்கிய எண்ணிக்கை பல ஒன்றியங்களில் மறுநாளும் நீண்டது. தூக்கமில்லை, சோறில்லை. அந்த நிலையில்தான் உங்கள் தோல்விச் செய்தி வரும்.

1. பின்தங்குவது தெரிந்தாலும் உங்கள் முகவரை மேசையிலிருந்து எழுப்பாதீர்கள். தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்று முகவர் டீ குடிக்கப் போய்விடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. கடைசிக் கட்டு வரை அவர் இருக்க வேண்டும்.
2. செல்லாத வாக்குகள் எத்தனை, என்ன காரணத்தால் தள்ளப்பட்டன என்று எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் சின்னத்தில் முத்திரை தெளிவாக விழுந்த சீட்டு செல்லாத கட்டுக்குப் போனால் அங்கேயே, அப்போதே சொல்ல வேண்டும்.
3. வித்தியாசம் சிறியதாக இருந்து, எண்ணிக்கையில் குறிப்பான குறை கண்டிருந்தால், முடிவை அறிவிக்கும் முன் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் காரணத்தோடு எழுதிக் கொடுங்கள். வாயால் கத்திக் கேட்டதற்குப் பின்னால் எந்த மதிப்பும் இருக்காது. அவர் மறுத்தால், காரணத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.
4. இரண்டு பேருக்கும் சம வாக்கு வந்தால் குலுக்கலில்தான் முடிவு. அதில் தோற்பது மிகக் கொடுமையானது. ஆனால் சீட்டு எடுக்கும்போது நீங்களோ முகவரோ எதிரில் நின்று பாருங்கள். பார்த்த தோல்வியை மனம் ஏற்கும். பார்க்காத தோல்வி ஆயுளுக்கும் சந்தேகமாக நிற்கும்.

வெளியே வரும் அரை மணி நேரம்

கைகலப்பும் கல்வீச்சும் நடப்பதற்கு வாய்ப்பு அதிகமுள்ள நேரம் இது. ஒரு பக்கம் பட்டாசு, மாலை. இன்னொரு பக்கம் உங்கள் ஆட்கள், களைப்போடும் கோபத்தோடும்.

1. மையத்தை விட்டு வெளியே வரும் முன் முகத்தைக் கழுவிக்கொள்ளுங்கள், தண்ணீர் குடியுங்கள். வாசலில் நீங்கள் சொல்லும் முதல் வாக்கியத்தைத்தான் உங்கள் ஆட்கள் செயலாக்குவார்கள். "ஏமாத்திட்டானுங்கப்பா" என்று சொன்னால் மறியல். "சரி, வீட்டுக்குப் போவோம். காலையில பேசலாம்" என்று சொன்னால் வீடு.
2. வென்றவரின் ஊர்வலம் போகிற வழியில் போகாதீர்கள். சுற்று வழியானாலும் வேறு வழி. வழியில்லை என்றால் ஊர்வலம் முடிந்த பிறகு கிளம்புங்கள்.
3. இளைஞர்களை ஒவ்வொருவராக, பெயர் சொல்லி, வண்டி ஏற்றி அனுப்புங்கள். கும்பலாக விட்டுவிட்டு நீங்கள் முதலில் கிளம்பக் கூடாது.
4. சாலை மறியல் வேண்டவே வேண்டாம். அந்த மறியலால் முடிவு மாறாது. ஆனால் முதல் தகவல் அறிக்கையில் பெயர் ஏறிய பையன் காவலர் தேர்வு எழுதினாலும், பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தாலும் அந்த வழக்கு அவன் முன்னால் வந்து நிற்கும். உங்களுக்காக நோட்டீஸ் கொடுத்த பிள்ளைக்கு நீங்கள் செய்யும் கைம்மாறு அதுவாக இருக்கக் கூடாது.

வீட்டில் முதல் மூன்று நாள்

இந்தப் பகுதியை வேட்பாளரைவிட அவர் வீட்டார் படிப்பது நல்லது.

தோற்றவருக்கு முதல் மூன்று நாள் செய்ய வேலை ஒன்றும் இருக்காது. நேற்று வரை நூறு பேர் வந்துபோன வாசல் வெறிச்சோடிக் கிடக்கும். அவமானமும் கடன் நினைப்பும் சேர்ந்து வருவது ராத்திரியில்தான். அதனால்:

- மூன்று இரவும் அவரைத் தனியாகப் படுக்க விடாதீர்கள். பக்கத்தில் யாராவது இருக்கட்டும். பேச வேண்டும் என்பதுகூட இல்லை.
- வீட்டிலோ மோட்டார் ரூமிலோ பூச்சிமருந்து இருந்தால் அன்றே எடுத்து வேறு ஒருவர் வீட்டில் பூட்டி வையுங்கள். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று யோசிக்க வேண்டாம். எடுத்துவைப்பதால் நட்டமில்லை.
- ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் பாட்டிலோடு வருவார்கள். வாசலிலேயே நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். குடித்த வாயில் வருகிற ஒரு பெயர் பத்து வருடப் பகையாகிவிடும்.
- வாட்ஸ்அப் குழுக்களை ஒரு வாரம் ஊமையாக்கி வையுங்கள். குரல்பதிவு எதுவும் அனுப்ப வேண்டாம். அது ஊரெங்கும் சுற்றும்.
- "இனி இருந்து என்ன", "என்னால உங்களுக்கெல்லாம் பாரம்" என்ற பேச்சு வந்தால் அதை விரக்தி என்று ஒதுக்காதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணிலும் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணிலும் தமிழில் பேசலாம். சென்னை சிநேகா அமைப்பின் எண் 044-24640050. ஆபத்து உடனே என்றால் 108.

நான்காம் நாள் அவர் தன் பழைய வேலைக்குப் போக வேண்டும். வயல் என்றால் வயல், கடை என்றால் கடை. மனம் சரியான பிறகு போகலாம் என்று காத்திருந்தால் வெளியே தலைகாட்டுவது நாளுக்கு நாள் கடினமாகும். முதல் தடவை டீக்கடை வழியாகப் போகும்போது நான்கு கண்கள் பார்க்கும். நான்காம் தடவை யாரும் பார்க்க மாட்டார்கள்.

அந்த வாக்காளர் பட்டியல்

உங்கள் வீட்டு அலமாரியில் ஒரு வாக்காளர் பட்டியல் இருக்கும். பக்கங்களின் ஓரம் மடங்கி, டீக்கறை படிந்து, ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு குறி. நமக்கு விழும் என்றால் டிக், விழாது என்றால் பெருக்கல், தெரியாது என்றால் கேள்விக்குறி. சில பெயர்களுக்குப் பக்கத்தில் "சத்தியம் பண்ணியாச்சு" என்றுகூட எழுதியிருக்கும். டிக் போட்ட பெயர்களை எண்ணினால் 412 வருகிறது, பெட்டியில் விழுந்தது 287 என்று வைத்துக்கொள்வோம். அந்த 125 பேர் யார்?

தோற்றவர்களைக் கெடுப்பது இந்தக் கேள்விதான், தோல்விகூட இல்லை. ராத்திரி ஒரு மணிக்கு விளக்கைப் போட்டு, பட்டியலைப் பிரித்து, பேனாவோடு உட்கார்ந்துவிடுவார்கள். மேலத்தெருப் பெரியம்மா கண்ணைப் பார்க்காமல் பேசினாள், அவள் வீட்டில் நாலு ஓட்டு போயிருக்கும். மச்சான் வீட்டில் கடைசி நாள் கதவு சாத்தியிருந்தது. இப்படியே ஊரில் பாதிப்பேரைத் துரோகி ஆக்கிவிட்டுத்தான் பொழுது விடியும். இந்தக் கணக்கு ஒருநாளும் சரியாக வராது. வாக்குச்சீட்டு ரகசியம் என்பதால் அதை நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. உங்களுக்கே ஓட்டுப் போட்ட ஒருவரை நீங்கள் சந்தேகப்பட்டால் அவர் எதைக் காட்டி நிரூபிப்பார்? அடுத்த தடவை நிச்சயம் போட மாட்டார்.

உள்ளூரில் ஒருவர் இரண்டு பக்கத்துக்கும் சரி என்று சொல்வதில் வஞ்சகம் இருக்க வேண்டியதில்லை. இரண்டு வேட்பாளரும் உறவு என்றால் அவர் வேறு என்ன சொல்வார்? வாக்குச்சாவடித் திரைக்குப் பின்னால் அவருக்குக் கிடைக்கும் அந்த அரை நிமிடம் ஒன்றுதான், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத நேரம். அந்த ரகசியத்தால்தான் தேர்தலுக்குப் பிறகும் ஊர் ஊராக இருக்க முடிகிறது. அதைத் தோண்டாதீர்கள்.

செய்ய வேண்டியது இது:

1. குறியிட்ட பட்டியலின் எல்லாப் பிரதிகளையும் வாங்கி, கிழித்து எரித்துவிடுங்கள். செல்போனில் படமெடுத்து வைத்திருப்பவர்களையும் அழிக்கச் சொல்லுங்கள். அது எதிர்த்தரப்பு கையில் கிடைத்தாலும் ஆபத்து, உங்கள் தம்பி கையில் இருந்தாலும் ஆபத்து.
2. கோயிலில் சத்தியம் வாங்கிய யாரையும் திரும்ப அழைத்துக் கேட்காதீர்கள். கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யச் சொல்லும் பேச்சை யார் எடுத்தாலும் அடக்குங்கள்.
3. ஆள்வாரியாக யோசிப்பதை விட்டு, வாக்குச்சாவடி வாரியாக யோசியுங்கள். எந்தச் சாவடியில் எத்தனை விழுந்தது என்று முகவர் எழுதிய தாளை எடுத்து வையுங்கள். குறைந்த சாவடி எது, அந்தத் தெருக்களில் என்ன குறை இருந்தது, அங்கே எத்தனை தடவை போனோம் என்பது மட்டும் உங்களுக்குப் பயன்படும் கேள்வி.
4. இந்தக் கணக்கையும் இரண்டு வாரம் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.

வென்றவரைப் பார்ப்பது

ஒரு வாரத்துக்குள், அவர் பதவியேற்கும் முன், நீங்களே போய்விடுவது நல்லது. கூட ஒருவர் போதும், அதுவும் வயதில் மூத்தவர். மாலை, கேமரா எதுவும் வேண்டாம். நீளமாகவும் பேச வேண்டாம்.

"அண்ணே, வாழ்த்துகள். நல்லபடியா பண்ணுங்க. கிழக்குத் தெரு தண்ணி விஷயத்தை மட்டும் முதல்ல பாருங்கண்ணே, ஜனங்க ரொம்பக் கஷ்டப்படுறாங்க."

இவ்வளவுதான். வயதில் சிறியவர் வென்றிருந்தால் "தம்பி" என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் "நீ" வேண்டாம், "நீங்க" என்றே பேசுங்கள். அது அந்தப் பதவிக்குக் கொடுக்கும் மரியாதை. வீட்டுக்குப் போக மனம் வரவில்லை என்றால் போன் பண்ணுங்கள். போய்ப் பார்த்தால் பகை வளரும் என்ற அளவுக்கு நிலைமை மோசமாக இருந்தால், பொதுவான ஒருவர் மூலம் சொல்லி அனுப்புங்கள்.

உங்கள் அணியில் வார்டு உறுப்பினராக வென்றவர்கள் இருப்பார்கள். அடுத்த சில நாட்களில் துணைத் தலைவருக்கான மறைமுகத் தேர்தல் வரும். 2020-ல் முடிவு ஜனவரி 2, பதவியேற்பு 6, மறைமுகத் தேர்தல் 11. தலைவர் பதவி போன கோபத்தில் அந்த உறுப்பினர்களை வண்டியில் ஏற்றி எங்கேயாவது தங்கவைக்கும் வேலையில் இறங்காதீர்கள். ஜெயித்தவர்கள் அவர்கள், முடிவும் அவர்களுடையது.

கடன்

தலைவர் பதவிக்குச் செலவு வரம்பாக 2019 தேர்தலில் மாநிலத் தேர்தல் ஆணையம் வைத்தது 34,000 ரூபாய். வார்டு உறுப்பினருக்கு 9,000, ஒன்றியக் கவுன்சிலருக்கு 85,000, மாவட்டக் கவுன்சிலருக்கு 1,70,000. ஊரில் நிஜமாக ஓடும் பணம் எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும். நகை அடகுக்குப் போயிருக்கும், புரோநோட்டில் கையெழுத்து விழுந்திருக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டுக்குப் பணம் கொடுத்திருந்தால், அதைத் திருப்பிக் கேட்டு ஒரு வீட்டு வாசலிலும் நிற்காதீர்கள். ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். திருப்பிக் கேட்பது அந்தக் குற்றத்தை ஊர்முன் நீங்களே ஒப்புக்கொள்வது. அந்தப் பணம் போனது போனதுதான். அடுத்த தடவை கொடுக்காமல் நிற்க முடியுமா என்பதை இப்போதே யோசிக்கத் தொடங்குங்கள்.

மீதிக் கடனுக்கு வரிசை இது:

1. ஒரு நோட்டில் எல்லாக் கடனையும் எழுதுங்கள். மனைவியோ கணவரோ பக்கத்தில் இருந்து பார்க்க எழுத வேண்டும். மறைத்த கடன்தான் பின்னால் குடும்பத்தை உடைக்கிறது.
2. கூலிக்காரர்கள் முதலில். ஆட்டோ ஓட்டியவர், மைக் கட்டியவர், சுவரில் சின்னம் எழுதியவர், சமைத்தவர். தொகை சிறியது. இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். தோற்ற வேட்பாளர் பணம் தர மாட்டார் என்ற பயத்தில் இருப்பவருக்கு நீங்களே தேடிப்போய்க் கொடுத்தால் அந்தப் பேச்சு ஊரில் நிற்கும்.
3. அடுத்தது கடைப் பாக்கி: டீக்கடை, அச்சகம், பந்தல். முழுதும் முடியாவிட்டால் பாதி கொடுத்து, மீதிக்குத் தேதி சொல்லுங்கள். சொன்ன தேதியில் கொடுங்கள்.
4. பிறகு வட்டி அதிகமான கடன். வார வட்டி, நாள் வட்டி இருந்தால் அதை அடைக்கத்தான் மற்றதைப் புரட்ட வேண்டும். அநியாய வட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மிரட்டல் வந்தால் காவல் நிலையத்திலோ மாவட்ட ஆட்சியரின் குறைதீர் நாளிலோ எழுத்தில் மனு கொடுங்கள்.
5. வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைத்த நகைக்கு வட்டியை மட்டும் கட்டி, மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஏலத்துக்குப் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். மீட்பது கடைசியில்.
6. கடனை அடைத்ததும் புரோநோட்டையும், கொடுத்து வைத்த வெற்றுக் காசோலையையும் கையோடு திரும்ப வாங்கிவிடுங்கள். "அப்புறம் தர்றேன்" என்றால் நகராதீர்கள்.

முதல் மூன்று மாதம் நிலத்தை விற்காதீர்கள். தோற்றவர் அவசரத்தில் இருக்கிறார் என்பது வாங்குபவருக்குத் தெரியும், அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார். கைமாற்று கொடுத்த உறவினர்களிடம் உண்மையைச் சொல்லி, ஆறு மாதத் தவணை கேளுங்கள். பெரும்பாலோர் ஒத்துக்கொள்வார்கள். ஒளிந்து திரிந்தால்தான் கோபப்படுவார்கள்.

செலவுக் கணக்கு: 30 நாள்

தோற்றவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். ஜெயித்தவர்தான் கணக்குக் காட்ட வேண்டும் என்று நினைக்கிறார்கள். போட்டியிட்ட எல்லோரும் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மாநிலத் தேர்தல் ஆணையம் மூன்றாண்டு போட்டியிடத் தகுதியிழப்புச் செய்யலாம். ஒரு தாளைக் கொடுக்காததால் அடுத்த வாய்ப்பு போய்விடும்.

1. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் உங்கள் பதவிக்கான கணக்கை யாரிடம், எந்தப் படிவத்தில் கொடுக்க வேண்டும் என்று முதல் வாரமே கேளுங்கள்.
2. நோட்டீஸ், மைக் செட், வாகனம், டீ, சாப்பாடு என்று தேதிவாரியாக எழுதி, ரசீதுகளை எண்ணிட்டு இணையுங்கள்.
3. இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றில் தேதியோடு ஒப்புகைக் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். வாய்வார்த்தையாக "வாங்கிக்கிட்டோம்" என்பதை நம்பி வராதீர்கள்.
4. அதே நடையில் வைப்புத்தொகையைப் பற்றியும் கேளுங்கள். தேவையான வாக்கு வாங்கியிருந்தால் அது திரும்பக் கிடைக்கும். 2019 தேர்தலில் தலைவர் பதவிக்கு 600 ரூபாய்தான், பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு 300. சிறு தொகை என்று விட்டுவிட வேண்டாம்.

இதே வாரத்தில் சுவர் விளம்பரங்களுக்கு வெள்ளையடித்து, பேனர்களை இறக்கிவிடுங்கள். உங்கள் சின்னமான பூட்டு சாவியோ ஆட்டோவோ ஒவ்வொரு சுவரிலும் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

வழக்குப் போடலாமா? 45 நாள்

ஊராட்சித் தேர்தல் முடிவை எதிர்க்க ஒரே வழி தேர்தல் மனு. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-ன் 258-ஆம் பிரிவுப்படி அதை மாவட்ட நீதிபதியிடம் கொடுக்க வேண்டும். ஆட்சியருக்கு மனு எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதும், நேராக உயர் நீதிமன்றத்துக்கு ஓடுவதும் நாளை விழுங்கும். தேர்தல் மனு தவிர வேறு வழியில் முடிவைக் கேள்விகேட்க அரசியலமைப்பின் 243ஓ பிரிவு தடை போட்டிருக்கிறது.

போடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க:

1. எண்ணிக்கை முடிந்த இரண்டு நாளுக்குள், என்ன நடந்தது என்பதை நேரம், மேசை, ஆள் விவரத்தோடு எழுதி வையுங்கள். முகவர்களும் தனித்தனியே எழுதட்டும். ஒரு மாதம் கழித்து நினைவு மாறிவிடும்.
2. வித்தியாசத்தையும் நீங்கள் குறை சொல்லும் வாக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 140 ஓட்டில் தோற்று, ஆறு சீட்டில்தான் தகராறு என்றால் முடிவு மாறப்போவதில்லை.
3. "பணம் விளையாடியது" என்ற பொதுப்பேச்சு நீதிமன்றத்தில் நிற்காது. யார், எங்கே, யாருக்கு, எப்போது, சாட்சி யார் என்று சொல்ல முடிய வேண்டும். மறு எண்ணிக்கைக்கும் வெறும் சந்தேகத்தின் பேரில் நீதிமன்றங்கள் உத்தரவிடுவதில்லை, வாக்கின் ரகசியம் காக்கப்பட வேண்டும் என்பதற்காக.
4. இருபதாம் நாளுக்குள் தேர்தல் வழக்கு நடத்திய அனுபவமுள்ள வழக்கறிஞரைப் பாருங்கள். வழக்கு எத்தனை ஆண்டு ஓடலாம், மொத்தச் செலவு எவ்வளவு என்று இரண்டையும் கேளுங்கள். கடன் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

குறிப்பான ஆதாரம் இருந்து, முடிவை மாற்றக்கூடிய அளவு முறைகேடு நடந்திருந்தால் தயங்காமல் போடுங்கள். அது உங்கள் உரிமை, உங்களுக்கு ஓட்டுப் போட்டவர்களின் உரிமையும்கூட. ஊரில் முகம் காட்ட ஒரு காரணம் வேண்டும் என்பதற்காக மட்டும் போடுவதாக இருந்தால் வேண்டாம்.

பெண் வேட்பாளர் தோற்றிருந்தால்

தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. பல வீடுகளில் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதும் கணவரோ மாமனாரோ முடிவெடுத்து அவரை நிற்கவைக்கிறார்கள். தோற்றதும், "உனக்குப் பேசத் தெரியல, அதான் போச்சு" என்று பழி அவர் தலையில் இறங்குகிறது. நிற்கச் சொன்னவரும், பணம் புரட்டியவரும், பிரசாரத்தில் பேசியவரும் வேறு ஆட்களாக இருந்தும், தோற்றவர் மட்டும் அவர் ஆகிவிடுகிறார்.

அந்த வீட்டுப் பெரியவர்கள் முதல் நாளே எல்லோர் முன்னும் சொல்லிவிட வேண்டும்: "நாம எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு, நாம எல்லாரும் சேர்ந்துதான் தோத்தோம்." அடகு வைத்தது அவர் நகை என்றால், மீட்கும் பொறுப்பு யாருடையது, எப்போது என்று எழுதி வையுங்கள். அடி, வசவு என்று போனால் 181-ஐ அழைக்கலாம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் தேர்தல் கோபத்துக்கு விலக்குத் தரவில்லை.

மிரட்டல், விலக்கம்

மதுரை மாவட்டம் மேலவளவில் 1997-ல் ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு வந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தேர்தல் பகை எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. அதனால் சிறு மிரட்டலையும் லேசாக எடுக்க வேண்டாம்.

- மிரட்டல் வந்த தேதி, நேரம், சொன்ன வார்த்தை, அருகில் இருந்தவர் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். குரல்பதிவு, குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள்.
- உடனடி ஆபத்துக்கு 100 அல்லது 112. பிறகு காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள்.
- குழாயை அடைப்பது, கடையில் சாமான் மறுப்பது, கூலி வேலைக்குக் கூப்பிடாதது என்று விலக்கம் மெதுவாகவும் வரலாம். ஊரக வேலைத் திட்டத்தில் வேலை தரவில்லை என்றால் எழுத்தில் விண்ணப்பித்து, தேதியிட்ட ரசீது வாங்குங்கள்.
- பட்டியல் சாதி, பழங்குடி மக்கள்மீது வாக்குப்பதிவுக்குப் பிறகு தாக்குதல் நடத்துவதும், சமூக, பொருளாதார விலக்கம் செய்வதும், அப்படி மிரட்டுவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் செய்த திருத்தப்படி தனிக் குற்றம். புகார் கொடுக்கும்போது அந்தச் சட்டத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்.
- உங்கள் பக்கத்தார் வென்றவருக்கு ஓட்டுப் போட்டவர்களிடம் இதையே செய்தால், முதலில் தடுக்க வேண்டியவர் நீங்கள்.

முதல் கிராம சபை

2020-ல் பதவியேற்பு ஜனவரி 6, கிராம சபை ஜனவரி 26. இருபது நாள்தான் இடைவெளி. தோற்றவர்களில் பலர் அந்த முதல் கூட்டத்துக்குப் போவதில்லை, அல்லது புதுத் தலைவரை மடக்கவென்றே போகிறார்கள். இரண்டும் தவறு. போங்கள், நடுவில் உட்காருங்கள், வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுங்கள். முதல் கூட்டத்தில் ஒரே ஒரு கோரிக்கை, அதுவும் பிரசாரத்தில் நீங்கள் வாக்குறுதி கொடுத்த ஒன்று. தீர்மானப் புத்தகத்தில் அது ஏறும்வரை இருங்கள்.

ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வரவு செலவைக் கேட்கும் உரிமை வாக்காளர் என்ற முறையிலேயே உங்களுக்கு இருக்கிறது. அங்கே பதில் கிடைக்காவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். முதல் ஆறு மாதம் புதியவருக்குப் பழக அவகாசம் கொடுத்து, பிறகு கணக்கைக் கேட்பது நியாயம் என்பது என் கருத்து.

மறுபடியும் நிற்க நினைத்தால்

ஆறு மாதத்துக்கு முன் இந்த முடிவை எடுக்க வேண்டாம், யாரிடமும் சொல்லவும் வேண்டாம். அதற்குப் பிறகும் எண்ணம் இருந்தால், இட ஒதுக்கீடு சுழற்சியில் உங்கள் ஊராட்சி மாறக்கூடும் என்பதை மனத்தில் வையுங்கள். அடுத்த முறை அது பெண்களுக்கோ பட்டியல் சாதியினருக்கோ போனால், நீங்கள் வேறு ஒருவருக்குத் துணை நிற்கத் தயாரா என்று யோசியுங்கள். தேர்தல் தேதியும் சொன்னபடி வரும் என்று எண்ண வேண்டாம். 2016 அக்டோபரில் நடக்க இருந்த தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது; பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது, அதுவரை ஊராட்சிகள் தனி அலுவலர்கள் கையில் இருந்தன.

இப்போதைக்குச் செய்யக்கூடியது மூன்று. வாக்காளர் பட்டியல் திருத்தம் வரும்போதெல்லாம் உங்கள் பெயரும் வீட்டார் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். வாக்கு குறைந்த சாவடித் தெருக்களுக்கு, கல்யாணம், சாவு, காதுகுத்து என்று அழைப்பு வந்தால் தவறாமல் போய் வாருங்கள், தேர்தலைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல். ஊராட்சிக்கு வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் பாக்கி வைக்காமல் ஆண்டுதோறும் கட்டி, அந்த ரசீதுகளைச் செலவுக் கணக்கின் ஒப்புகை இருக்கும் கோப்பிலேயே போட்டு வையுங்கள். பாக்கி இருந்தால் அடுத்த வேட்புமனுப் பரிசீலனையில் அதைத்தான் எதிர்த்தரப்பு முதலில் எடுக்கும்.